சர்வரின் டிஸ்க் கன்ட்ரோலருக்கு ஏற்ற ஹார்ட் டிஸ்க்: எதை எடுப்பது, எதை ஒதுக்குவது

சர்வருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்க முற்படும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் டிஸ்க் நீண்ட நாள் உழைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு உரிய இடம் வரிசையின் கடைசி. தனியாக எடுத்துச் சோதித்தால் எந்தக் குறையும் காட்டாத டிஸ்க், டிஸ்க்குகளை இயக்கும் அட்டையான கன்ட்ரோலர்களுள் குறிப்பிட்ட ஒன்றுடன் சேர்ந்ததும், ஒன்று போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு தொகுப்பிலிருந்து அடிக்கடி கழன்றுகொள்வதை இத்துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். டிஸ்க்கின் நம்பகம் என்று நாம் சொல்வதில் பாதி, அது தடுமாறும் நேரத்தில் கன்ட்ரோலரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டைக் கன்ட்ரோலரிலிருந்து தொடங்கி, டெஸ்க்டாப் டிஸ்க், நாஸ் (வலைப்பின்னல் சேமிப்புப் பெட்டி) டிஸ்க், என்டர்பிரைஸ் (பெருநிறுவனப் பயன்பாட்டு) சாட்டா டிஸ்க், நியர்லைன் (பெரிய கொள்ளளவு) சாஸ் டிஸ்க், சர்வர் நிறுவனம் தன் முத்திரையுடன் விற்கும் டிஸ்க், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட டிஸ்க் ஆகியவற்றை எடைபோடுகிறேன். சாட்டாவும் சாஸும் டிஸ்க்கைக் கன்ட்ரோலருடன் இணைக்கும் இரு முறைகள்.

சர்வருக்குள் இருப்பது எந்தக் கன்ட்ரோலர் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. சர்வரின் மாடல் எண் மட்டும் இதற்குப் போதாது. ஒரே மாடல் பல விதமான கன்ட்ரோலர்களுடன் விற்கப்பட்டிருக்கும். அட்டையின் பெயர், அதிலுள்ள சிப், ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) பதிப்பு, டிஸ்க்குகள் செருகப்படும் பேக்பிளேன், இடையில் ஓர் இணைப்பைப் பல டிஸ்க்குகளுக்குப் பகிரும் எக்ஸ்பாண்டர் இருக்கிறதா என்ற விவரம் எல்லாமே தேவை. சிப்பைப் பார்த்தாலே சில முடிவுகள் தாமாக வந்துவிடும். எல்எஸ்ஐ 1068இ சிப்பைக் கொண்ட அட்டைகளும், டெல் சர்வர்களில் பரவலாக இருந்த பெர்க் 6/ஐ அட்டையும் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுமையாகப் பயன்படுத்த முடியாதவை. டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு அலகான செக்டாரின் முகவரியை 32 பிட்டில் எழுதினால் ஏறத்தாழ 429 கோடி செக்டார்களைத்தான் எண்ண முடியும். செக்டார் ஒன்றுக்கு 512 பைட் என்றால் 2.2 டெராபைட்டோடு எண்ணிக்கை தீர்ந்துவிடுகிறது. இதை ஃபர்ம்வேர் புதுப்பிப்பு சரிசெய்யாது. அடுத்த தலைமுறையான எல்எஸ்ஐ 2008 சிப்பில் இந்தத் தடை இல்லை. பழைய அட்டையைக் காப்பாற்றுவதற்காகக் கையிருப்பில் கிடக்கும் 2 டெராபைட் டிஸ்க்குகளைத் தேடி அலைவதைவிட அட்டையை மாற்றிவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவில் இன்று கிடைக்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் பழையவை, அல்லது டெஸ்க்டாப்புக்கானவை.

இணைப்பு வகையில் குழப்பம் குறைவு. சாஸ் கன்ட்ரோலர் சாட்டா டிஸ்க்கையும் ஏற்கும். சாட்டா கன்ட்ரோலர் சாஸ் டிஸ்க்கை ஏற்காது. சாஸ் டிஸ்க்கின் கனெக்டரில் தரவுப் பகுதிக்கும் மின்பகுதிக்கும் இடையிலான இடைவெளி மூடப்பட்டிருப்பதால் அது சாட்டா கேபிளில் நுழையவே நுழையாது. வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை: நொடிக்கு 12 கிகாபிட் சாஸ் டிஸ்க், 6 கிகாபிட் கன்ட்ரோலரில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யும். சுழலும் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாகப் படிக்கும்போதுகூட நொடிக்கு 300 மெகாபைட்டை எட்டுவது அரிது என்பதால் அந்தக் குறைப்பில் இழப்பு எதுவும் இல்லை. ஒரே ரெய்டு தொகுப்புக்குள் சாஸ், சாட்டா இரண்டையும் கலப்பதைப் பல கன்ட்ரோலர்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மாற்றுபவருக்கு இந்தத் தேர்வு முன்பே முடிந்துவிட்டது.

செக்டார் அளவு அப்படி எளிதாகக் கடக்கக்கூடியது அன்று. 2011-ஐ ஒட்டி உற்பத்தியாளர்கள் 4096 பைட் செக்டாருக்கு நகர்ந்த பின், சந்தையில் மூன்று வகை டிஸ்க்குகள் இருக்கின்றன. உள்ளும் புறமும் 512 பைட்டாக இருப்பவை 512என். உள்ளே 4096 ஆகவும் வெளியே 512 ஆகவும் காட்டிக்கொள்பவை 512இ. இரண்டிலும் 4096 ஆக இருப்பவை 4கேஎன். பழைய கன்ட்ரோலர்கள் 4கேஎன் டிஸ்க்கைக் கண்டுகொள்வதே இல்லை. அதிலிருந்து பூட் செய்யவும், பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ தேவை. 512இ ஏறக்குறைய எங்கும் வேலை செய்யும். ஆனால் டிஸ்க்கின் பகிர்வுகள் (பார்ட்டிஷன்கள்) 4096-இன் மடங்கில் தொடங்காவிட்டால், ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் டிஸ்க் ஒரு முழுச் செக்டாரைப் படித்து, திருத்தி, மீண்டும் எழுத வேண்டியிருக்கும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் 512இ டிஸ்க் 4கேஎன் ஆகிவிடுவதுண்டு. தரவுத்தாளில் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது.

பேக்பிளேனில் இன்னொரு சிறு பொறி இருக்கிறது. சாட்டா 3.3 தரநிலை, மின் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுத்தது: அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்த நிலையில் இருக்க வேண்டும். தொலைவிலிருந்தே டிஸ்க்கை அணைத்து எழுப்புவதற்காக டேட்டா சென்டர்கள் விரும்பிய வசதி இது. பழைய பேக்பிளேன்களோ பழைய வழக்கப்படி அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். விளைவு, புத்தம் புதிய என்டர்பிரைஸ் டிஸ்க்கைச் செருகினால் தட்டு சுழலும் ஒலிகூடக் கேட்காது; கன்ட்ரோலரின் பட்டியலில் அந்த இடம் காலியாகவே இருக்கும். டிஸ்க் வந்த அன்றே செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட பல டிஸ்க்குகள் உண்மையில் பழுதில்லாதவை. முதல் மூன்று பின்களைக் காப்டன் நாடாவால் மறைப்பது, 3.3 வோல்ட் கம்பியே இல்லாத மோலெக்ஸ் மாற்றியைப் பயன்படுத்துவது என இதற்கு வழிகள் உண்டு. ஆனால் உற்பத்திச் சூழலில் ஓடும் சர்வரில் நாடா ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. அதே டிஸ்க் இந்த வசதி இல்லாத வேறொரு மாடல் எண்ணிலும் பெரும்பாலும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குவதே முறை.

இவை எல்லாம் டிஸ்க் கன்ட்ரோலரின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பற்றியவை. தெரிந்த பின் நிலைத்து நிற்கிறதா என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். அதைத் தீர்மானிப்பது, பிழை மீட்புக்கு டிஸ்க் எடுத்துக்கொள்ளும் நேரம்.

ஒரு செக்டார் படிக்க முடியாமல் போகும் தருணத்தை நொடி நொடியாகப் பார்ப்போம். கன்ட்ரோலர் ஒரு தொகுதியைக் கேட்கிறது. டிஸ்க்கின் ஹெட் அந்தத் தடத்துக்குப் போகிறது. வந்த தரவு பிழைதிருத்தக் குறியீட்டுடன் பொருந்தவில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் அந்தச் செக்டார் நொடிக்கு 120 முறை ஹெட்டின் கீழே வரும். டிஸ்க் மறுபடி மறுபடி முயல்கிறது. ஹெட்டைச் சற்றே இடம் மாற்றிப் பார்க்கிறது. டெஸ்க்டாப் டிஸ்க்காக இருந்தால் இந்த முயற்சியை ஒரு நிமிடமோ அதற்கும் மேலோ தொடரும். வேறு எங்கும் நகல் இல்லாத கணினியில் இதுவே சரியான நடத்தை, ஏனெனில் அந்தத் தரவை மீட்க டிஸ்க்கைத் தவிர வேறு கதி இல்லை. ஆனால் ரெய்டு கன்ட்ரோலர் அவ்வளவு நேரம் காத்திருக்கும்படி வடிவமைக்கப்படவில்லை. சில நொடிகளில் பொறுமை இழந்து டிஸ்க்குக்கு ரீசெட் அனுப்பும். அதற்கும் பதில் வராவிட்டால் டிஸ்க் பழுது என்று முத்திரை குத்தித் தொகுப்பிலிருந்து நீக்கிவிடும். ஒரேயொரு கெட்ட செக்டாருக்காக முழு டிஸ்க்கும் வெளியேற்றப்படுகிறது.

ரெய்டுக்கென வடிவமைக்கப்பட்ட டிஸ்க்கில் இதே நிகழ்வு வேறு விதமாக முடிகிறது. பொதுவாக 7 நொடி ஆனதும் அது முயற்சியை நிறுத்தி, இந்தச் செக்டாரைப் படிக்க முடியவில்லை என்று கன்ட்ரோலரிடம் சொல்லிவிடுகிறது. கன்ட்ரோலர் மற்ற டிஸ்க்குகளில் உள்ள தரவையும், மீட்புக்கென முன்பே கணக்கிட்டு எழுதிய பாரிட்டியையும் வைத்து விடுபட்டதைக் கணக்கிட்டு, கேட்ட நிரலுக்குக் கொடுத்துவிட்டு, அதே டிஸ்க்கில் திரும்ப எழுதுகிறது. எழுதும்போது டிஸ்க் அந்தக் கெட்ட செக்டாருக்குப் பதிலாகத் தன் உதிரி இடத்தை ஒதுக்கிக்கொள்கிறது. பயனருக்கு எதுவும் தெரியாது. பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் இவ்வசதியை டிஎல்இஆர் என்றும், சீகேட் இஆர்சி என்றும், சாம்சங்கும் ஹிட்டாச்சியும் சிசிடிஎல் என்றும் அழைத்தன. தரவுத்தாளில் இவற்றுள் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது, மணிக்கணக்கில் கருத்துரைகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

கையில் உள்ள டிஸ்க்கில் இதைச் சோதிப்பதும் எளிது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் கருவி, எஸ்சிடி இஆர்சி எனப்படும் இந்த நேர வரம்பின் அமைப்பைக் காட்டும். மதிப்பு நொடியின் பத்தில் ஒரு பங்காகத் தரப்படுவதால் 70 என்றால் 7 நொடி. சில டிஸ்க்குகளில் வசதி இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டாலும் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடக் கூடும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் மீண்டும் அமைக்க வேண்டும். இந்த ஏற்பாடு லினக்ஸின் மென்பொருள் ரெய்டுக்குப் பொருந்தும். வன்பொருள் ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குக்கோ அந்த மறு அமைப்பு, கன்ட்ரோலர் தன் வேலையைத் தொடங்குவதற்குள் போய்ச் சேராமல் போகலாம். ஆகவே வன்பொருள் ரெய்டு என்றால் டெஸ்க்டாப் டிஸ்க் கூடாது என்ற விதிக்கு நான் விலக்கு அளிப்பதில்லை. மலிவு என்ற ஒரே காரணம், தொகுப்பு உடைந்து கிடக்கும் முதல் இரவிலேயே செல்லாததாகிவிடும்.

டெஸ்க்டாப் டிஸ்க்கை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. அது இப்போது நாஸ் டிஸ்க்குகளையும் எச்சரிக்கையோடு பார்க்க வைக்கிறது. தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியபடி எழுதும் எஸ்எம்ஆர் முறையில் அதே தட்டில் கூடுதல் தரவு கொள்ளும். ஆனால் ஒரு தடத்தை மாற்றினால் அதன் மேல் ஏறியிருக்கும் அடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். டிஸ்க் இதை மறைக்க, வரும் தரவை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றுகிறது. அன்றாடச் சிறு எழுத்துகளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரெய்டு மறுகட்டமைப்பில் ஓய்வு என்பதே இல்லை. டிஸ்க்கின் தொடக்கம் முதல் இறுதி வரை இடைவிடாமல் எழுத வேண்டும். தற்காலிகப் பகுதி நிரம்பியதும் வேகம் அடிமட்டத்துக்குச் சரியும். சில நேரங்களில் பதிலே வராமல் கன்ட்ரோலர் அதையும் பழுது என்று நீக்கிவிடும். ஒரு டிஸ்க் ஏற்கெனவே போன தொகுப்பில் இது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸ் பயன்பாட்டுக்கென்றே விற்கப்பட்ட 2 முதல் 6 டெராபைட் வரையிலான இஎஃப்ஏஎக்ஸ் மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் பொதுவெளியில் தெரியவந்தது. அதன் பிறகு வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா ஆகிய மூன்று உற்பத்தியாளர்களும் எந்த மாடல் எந்த முறை என்பதைப் பட்டியலாக வெளியிட்டார்கள். ரெட் வரிசையும் பிரிக்கப்பட்டு, ரெட் பிளஸ், ரெட் ப்ரோ இரண்டும், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான சிஎம்ஆர் முறை என்று அறிவிக்கப்பட்டன. பெட்டியின் மேல் நாஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மாடல் எண்ணை முழுமையாக, கடைசி எழுத்து வரை எடுத்து உற்பத்தியாளரின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். சுழலும் டிஸ்க் ஒன்று தனக்கு, அழித்த இடத்தைத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை தெரியும் என்று சொன்னால், அது எஸ்எம்ஆர் ஆக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இப்போது நாஸ் டிஸ்க்கையும் என்டர்பிரைஸ் சாட்டா டிஸ்க்கையும் நேருக்கு நேர் வைக்கலாம். இரண்டிலும் பிழை மீட்பு நேரக் கட்டுப்பாடு உண்டு. சிஎம்ஆர் ஆகவும் கிடைக்கும். வேறுபாடு மற்ற இடங்களில் இருக்கிறது. ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் போன்றவை 8 டிஸ்க் வரையிலான பெட்டிகளுக்கென வடிவமைக்கப்பட்டவை. ஆண்டுக்கு 180 டெராபைட் என்பது அவற்றின் பணிச்சுமை வரம்பு. சீகேட் எக்சோஸ், வெஸ்டர்ன் டிஜிட்டல் அல்ட்ராஸ்டார், தோஷிபா எம்ஜி போன்ற என்டர்பிரைஸ் வரிசைகளில் அந்த வரம்பு ஆண்டுக்கு 550 டெராபைட். பெட்டியில் எத்தனை டிஸ்க் என்ற கட்டுப்பாடும் இல்லை. 180 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் எழுதுவது மட்டுமின்றிப் படிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். மாதம் ஒரு முறை தொகுப்பை முழுவதும் படித்துச் சரிபார்க்கும் நல்ல வழக்கம் இருந்தால், 16 டெராபைட் டிஸ்க் அந்தச் சரிபார்ப்பிலேயே ஆண்டுக்கு 192 டெராபைட் படித்துவிடும். பயனர்கள் ஒரு கோப்பைக்கூடத் திறக்காத நிலையிலேயே வரம்பு தாண்டப்படுகிறது.

படிக்க முடியாத செக்டாரின் வீதமும் கவனத்துக்குரியது. டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கும் பல நாஸ் டிஸ்க்குகளுக்கும் தரவுத்தாள் தரும் உத்தரவாதம், படிக்கும் 10¹⁴ பிட்டுக்கு, அதாவது ஒரு கோடி கோடி பிட்டுக்கு, ஒன்றுக்கு மேற்படாத பிழை என்பது; என்டர்பிரைஸ் டிஸ்க்குகளுக்கு 10¹⁵. முதலாவது 12.5 டெராபைட், இரண்டாவது 125 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகள் கொண்ட, ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 தொகுப்பில் ஒன்று போனால், மற்ற மூன்றிலிருந்தும் 24 டெராபைட்டைப் பிழையின்றிப் படித்தாக வேண்டும். உத்தரவாதம் என்பது மேல் எல்லைதான்; உண்மையில் டிஸ்க்குகள் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் அந்த எல்லையின் இருமடங்கைப் பாதுகாப்பு எதுவும் மிச்சமில்லாத நிலையில் படிக்க வேண்டியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். பெரிய டிஸ்க்குகளுக்கு, இரண்டு டிஸ்க்குகளின் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 அல்லது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நகல் வைக்கும் ரெய்டு 10 என்பதே என் நிலை. 20 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் மறுகட்டமைக்க, வேறு எந்தச் சுமையும் இல்லாதபோதே ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். வேலை நாளில் அது பல மடங்கு நீளலாம்.

என்டர்பிரைஸ் சாட்டாவா, நியர்லைன் சாஸா என்ற கேள்வியில் பலர் எதிர்பார்ப்பது, சாஸ் என்றால் உறுதியானது என்ற விடையை. எக்சோஸ், அல்ட்ராஸ்டார், எம்ஜி வரிசைகளில் ஒரே டிஸ்க்கை இரு இணைப்புகளிலும் விற்கிறார்கள். உள்ளே தட்டும் ஹெட்டும் மோட்டாரும் ஒன்றேதான். கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளைக் கொண்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வும், ஸ்கசி (சாஸுக்கு முந்தையது), ஃபைபர் சேனல், சாட்டா இணைப்பு வகைகளுக்கிடையே மாற்று வீதத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆகவே ஆயுளுக்காகச் சாஸ் வாங்குவது பொருளற்றது. அதன் சிறப்பு வேறு. சாட்டாவில் வரிசையில் நிற்கும் கட்டளைகளுள் ஒன்று பிழையானால் வரிசையில் உள்ள அனைத்தும் ரத்தாகி மீண்டும் அனுப்பப்பட வேண்டும். சாஸில் பிழையான கட்டளை மட்டுமே திரும்பும். சாஸ் டிஸ்க்குக்கு இரண்டு போர்ட்கள் இருப்பதால் ஒரு கன்ட்ரோலர் போனாலும் இன்னொன்றின் வழியே அதை அடையலாம். சாஸ் கேபிள் 10 மீட்டர் வரை போகலாம். சாட்டா 1 மீட்டரோடு நின்றுவிடும். எக்ஸ்பாண்டருக்குப் பின்னால் பன்னிரண்டு, இருபத்து நான்கு டிஸ்க்குகள் நிற்கும் பெட்டியில், பிழை நேரத்து ஒழுங்கு மிக முக்கியம் என்பதால் அங்கே நான் சாஸையே எடுப்பேன். கன்ட்ரோலரிலிருந்து நேரடியாகப் போகும் நான்கு அல்லது எட்டு டிஸ்க்குகளுக்கு என்டர்பிரைஸ் சாட்டா முற்றிலும் போதும்.

சர்வர் நிறுவனத்தின் முத்திரை தாங்கிய டிஸ்க்கை, வெறும் ஸ்டிக்கருக்காகக் கூடுதல் விலை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அதனுள் இருப்பது மேற்சொன்ன மூன்று உற்பத்தியாளர்களுள் ஒருவரின் டிஸ்க்தான். ஆனால் ஃபர்ம்வேர் அந்த நிறுவனத்தின் கன்ட்ரோலருடன் சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்கும். டிஸ்க் ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் சர்வரின் மற்றப் புதுப்பிப்புகளோடு சேர்ந்து வரும். அந்த வழி எவ்வளவு முக்கியம் என்பதை 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான எச்பிஇ வெளியிட்ட அறிவிப்பு காட்டியது. அதன் முத்திரையில் வந்த சில சாஸ் எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் பிழையால், மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் தரவோடு சேர்ந்து செயலிழந்துவிடும் என்பதே அந்தச் செய்தி. ஒரே நாளில் பொருத்தப்பட்டவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும் என்பதால் ரெய்டு அங்கே காப்பாற்றாது. முத்திரை டிஸ்க்கும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று என்பது இதில் தெரிகிறது; புதுப்பிப்பு உரியவரிடம் போய்ச் சேர ஒரு வழி இருந்தது என்பதும் தெரிகிறது. வெளியில் வாங்கிய டிஸ்க்குக்கு அந்த வழியை நாமேதான் உற்பத்தியாளரின் தளத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம், முத்திரையைக் கட்டாயமாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. டெல், தான் சான்றளிக்காத டிஸ்க்குகளைத் தன் பெர்க் எச்700, எச்800 கன்ட்ரோலர்கள் ஏற்காதபடி 2010-இல் அமைத்தது. வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பின் புதிய ஃபர்ம்வேரில் அது தளர்த்தப்பட்டது. வேறு சில சர்வர்கள் அறிமுகமில்லாத டிஸ்க்கை ஏற்றுக்கொண்டாலும், அதன் வெப்பநிலை தெரியாததால் விசிறிகளை உச்ச வேகத்தில் ஓடவிடும். மேலாண்மைத் திரையில் எச்சரிக்கை நிரந்தரமாக நிற்கும். பராமரிப்பு ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கும் சர்வருக்கு முத்திரை டிஸ்க்கை வாங்குங்கள். ஒப்பந்தம் முடிந்த சர்வருக்கு அதே டிஸ்க்கின் பொது மாடலை ஒன்று மட்டும் வாங்கி, சில நாள் ஓடவிட்டுப் பார்த்து, பின் மீதியை வாங்குங்கள்.

பயன்படுத்திய சாஸ் டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கும்போது மனம் அங்கே போவது இயல்பு. பெரிய சேமிப்புப் பெட்டிகளிலிருந்து கழற்றப்பட்டவை பல நேரம் 520 பைட் செக்டாரில் இருக்கும். சாதாரணக் கன்ட்ரோலர் அவற்றைக் காட்டும், ஆனால் பயன்படுத்தாது. எஸ்ஜி ஃபார்மேட் கருவியால் 512-க்கு மாற்றலாம்; பெரிய டிஸ்க்குக்கு அது பல மணி நேர வேலை. சில டிஸ்க்குகள் கூடுதல் பாதுகாப்புத் தகவலுடன் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அவற்றையும் பல கன்ட்ரோலர்கள் மறுக்கும். இவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். ஓடிய மணி நேரத்தை அழித்துப் புதியது என்று விற்பதைக் கண்டறிவது கடினம். டேட்டா சென்டர்களில் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்ற பெயரில் சில்லறைச் சந்தையில் விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் அம்பலமானபோது, டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் மணி நேரம் அழிக்கப்பட்டிருந்தும், ஃபார்ம் எனப்படும் உள்பதிவு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. புதிய ஸ்மார்ட்சிடிஎல் பதிப்புகள் அந்தப் பதிவைப் படிக்கும். புதியது என்று வாங்கிய சீகேட் டிஸ்க்கிலும் அதைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாம் நகலுக்கான சர்வரில் பழைய டிஸ்க்குகள் இருக்கலாம். முதன்மைத் தரவுக்கு வேண்டாம்.

நிறுவனம் எது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவு வெஸ்டர்ன் டிஜிட்டலிடமும் சாம்சங்கின் பிரிவு சீகேட்டிடமும் சேர்ந்த பின் மீதமிருப்போர் மூவரே. இணையவழிச் சேமிப்பு வழங்கும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க்குகளின் பழுது விவரங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அதைப் படிப்பவர் காண்பது, நிறுவனங்களுக்கிடையே உள்ளதைவிட ஒரே நிறுவனத்தின் மாடல்களுக்கிடையே வேறுபாடு பெரிது என்பதை. சீகேட்டின் 3 டெராபைட் டெஸ்க்டாப் மாடல் ஒன்று அங்கே மிக மோசமாகப் பழுதானது. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் நன்றாக உழைத்தன. தரவுத்தாளில் வரும் 25 லட்சம் மணி நேரம் என்ற சராசரியை ஒரு டிஸ்க்கின் ஆயுளாக எண்ணக் கூடாது. ஆயிரம் டிஸ்க் வைத்திருந்தால் ஆண்டுக்கு மூன்று நான்கு போகும் என்பதே அதன் பொருள். கார்னகி மெல்லன் ஆய்வில் களத்தில் காணப்பட்ட மாற்று வீதம் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கு மேல். 2 முதல் 4 விழுக்காடு வரை சாதாரணம். ஸ்மார்ட் எச்சரிக்கையும் முழுத் துணை அன்று: அதே 2007-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை.

இந்தத் தேர்வுகள் எல்லாம், கன்ட்ரோலர் தானே ரெய்டை நடத்துகிறது என்ற அடிப்படையில் சொன்னவை. அட்டையை, ரெய்டு நடத்தாமல் டிஸ்க்குகளை இணைக்க மட்டும் செய்யும் எச்பிஏ ஆக, எல்எஸ்ஐ அட்டைகளில் ஐடி மோட் எனப்படும் நிலையில் வைத்து, டிஸ்க்குகளை நேரடியாக இயங்குதளத்திடம் கொடுத்து, இசட்எஃப்எஸ் அல்லது லினக்ஸ் எம்டி என்ற மென்பொருள் மூலம் தொகுப்பை அமைத்தால் நெருக்கடி சற்றுத் தளரும். லினக்ஸ் ஒரு கட்டளைக்கு இயல்பாக 30 நொடி காத்திருக்கும். பிழை மீட்பைக் கட்டுப்படுத்த முடியாத டிஸ்க்குக்கு அதை 180 நொடியாக உயர்த்தலாம். அப்போதும் எஸ்எம்ஆர் கூடாது. செக்டார் அளவும் மூன்றாவது பின்னும் முன்போலவே பார்க்கப்பட வேண்டும். புதிதாகச் சர்வர் அமைப்பவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். கன்ட்ரோலர் செத்தால் அதே வகை அட்டையைத் தேடி ஓட வேண்டிய நிலை இதில் இல்லை.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். வன்பொருள் ரெய்டு, எட்டு டிஸ்க் வரை, நேரடி இணைப்பு என்றால் 512இ, சிஎம்ஆர், என்டர்பிரைஸ் சாட்டா. எக்ஸ்பாண்டர் இருந்தாலோ இரட்டைக் கன்ட்ரோலர் இருந்தாலோ அதே வரிசையின் சாஸ் பதிப்பு. சிறு அலுவலகக் கோப்புகளுக்கான நான்கு டிஸ்க் சர்வர், சுமை குறைவு, டிஸ்க் 8 டெராபைட்டைத் தாண்டாது என்றால், சிஎம்ஆர் என்று உறுதிசெய்யப்பட்ட நாஸ் டிஸ்க் போதும். என்டர்பிரைஸ் டிஸ்க்கின் ஒலியும் வெப்பமும் மனிதர்கள் அருகில் அமர்ந்திருக்கும் அறைக்கு ஏற்றவை அல்ல. டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

வாங்கும்போது தேவைக்கு மேல் ஒன்றைச் சேர்த்து வாங்கி, அதைச் சோதித்து உறையில் வைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே மாடல் சந்தையில் இல்லாமல் போகலாம். ஒரே கொள்ளளவு என்று எழுதப்பட்ட வேறு டிஸ்க், குறிப்பாகப் பழைய சிறிய அளவுகளில், சில செக்டார்கள் குறைவாக இருந்தாலும் கன்ட்ரோலர் அதை மாற்றாக ஏற்காது. சில கன்ட்ரோலர்களில் கொள்ளளவைச் சற்றுக் குறைத்து வட்டமிடும் அமைப்பு உண்டு. தொகுப்பை உருவாக்கும் முன்பே அதை இயக்கிவிட வேண்டும், பின்னர் மாற்ற இயலாது. எல்லா டிஸ்க்குகளும் ஒரே பெட்டியிலிருந்து, அடுத்தடுத்த வரிசை எண்களுடன் வராமல் இரண்டு விற்பனையாளர்களிடம் பிரித்து வாங்குவது இன்னும் நல்லது. வந்த டிஸ்க் ஒவ்வொன்றையும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனைக்கு உட்படுத்தி, முழுவதும் ஒரு முறை எழுதிப் படித்துப் பாருங்கள். பெரிய டிஸ்க்குக்கு இது சில நாள் பிடிக்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அந்த நாள்கள் அடங்குமாறு ஆர்டர் போடும் தேதியை முடிவுசெய்யுங்கள்.